கேப் மாட்டினா பீகிள்போன் ஒரு நாள் பூட் ஆகுது, ஒரு நாள் ஆகல. கரண்ட் போய் வந்தா மட்டும் பிரச்சனை

பனியன்சிட்டி:

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா இந்த ஒரே பிரச்சனையோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், எது முக்கியம் எது முக்கியமில்லைன்னு எனக்கே புரியல, அதனால ஒண்ணு விடாம எழுதிடறேன், கொஞ்சம் பொறுமையா படிச்சுச் சொல்லுங்க.

திருப்பூர்ல சின்னதா ஆட்டோமேஷன் வேலை பண்ணிட்டு இருக்கேன். ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு, மெஷின் எத்தனை ரவுண்டு சுத்துச்சுன்னு எண்ணி ஷிஃப்ட் முடியறப்ப ரிப்போர்ட் தர்ற மாதிரி ஒரு பாக்ஸ் செஞ்சு கொடுத்திருக்கேன். உள்ள பீகிள்போன் பிளாக் ரெவ் சி (கையடக்க கம்ப்யூட்டர் போர்டு), 4 ஜிபி இஎம்எம்சி (போர்டுலயே ஒட்டியிருக்கற மெமரி), அதுலயே டெபியன் லினக்ஸ். அதுக்கு மேல நானே டிசைன் பண்ணி அடிச்ச கேப் போர்டு (பீகிள்போன் மேல சொருகற கூடுதல் போர்டு). 12 மெஷின்ல இருந்து 12 ப்ராக்சிமிட்டி சென்சார் வருது, எல்லாம் 24 வோல்ட், பிசி817 ஆப்டோ (ரெண்டு பக்கமும் ஒயர் சேராம வெளிச்சம் வழியா சிக்னலைக் கடத்தற சிப்) வழியா உள்ள எடுக்கறேன். ஒரு பல்ஸ் கூட விடாம எண்ணணும்னு பிஆர்யூ (மெயின் ப்ராசசர் சிப்புக்குள்ளயே இருக்கற தனி சின்ன ப்ராசசர்) யூஸ் பண்றேன், அதனால பி8 ஹெடர்ல 27ல இருந்து 30 வரைக்கும், அப்புறம் 39ல இருந்து 46 வரைக்கும் இந்த 12 லைனும் உட்கார்ந்திருக்கு. 31லயும் 32லயும் ரெண்டு அலாரம் கான்டாக்ட், அதுவும் ஆப்டோ வழியா தான். எச்டிஎம்ஐ எனக்கு வேண்டாம்னு வீடியோ ஓவர்லேயை டிஸேபிள் பண்ணிட்டேன். ஆப்டோவோட கலெக்டர் நேரா பின்னுக்குப் போகுது, எமிட்டர் கிரவுண்டுக்கு, வெளிய புல்-அப் (பின்னை ஹைக்கு இழுத்து வைக்கற ரெசிஸ்டர்) எதுவும் போடல, ப்ராசசர் உள்ள இருக்கற புல்-அப்பையே ஆன் பண்ணிக்கிட்டேன்.

பிரச்சனை என்னன்னா, மில்லுல கரண்ட் போய் திரும்ப வந்தா சில சமயம் போர்டு எழுந்திரிக்கவே மாட்டேங்குது. பவர் லைட் எரியும், ஆனா அந்த நாலு நீல எல்இடியும் அப்படியே செத்துக் கிடக்கும். ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டாலும் அதே கதை தான், ஆனா அரை மணி நேரம் கழிச்சு போட்டா வந்தாலும் வரும். அதே நேரத்துல ஓடிட்டு இருக்கற போர்டுல ரீபூட் கமாண்ட் கொடுத்தா ஒரு தடவை கூட தப்பல, ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா எழுந்து வருது.

எஸ்டி கார்டுல இமேஜ் போட்டு சொருகினா பெரும்பாலும் பூட் ஆகிடுது. அதனால இஎம்எம்சி தான் போச்சுன்னு நினைச்சு மூணு தடவை ஃப்ளாஷ் பண்ணேன். அப்புறமும் வந்துச்சு. புது போர்டு வாங்கி மாத்தினேன், புது போர்டுலயும் நாலாவது நாள் அதே மாதிரி ஆச்சு. பவர் சப்ளை எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திட்டேன். எஸ்டி கார்டு போட்டும் எழுந்திரிக்காத நாள் ரெண்டு தடவை இருந்திருக்கு, அது ஏன்னு சுத்தமா புரியல.

இதுல ரொம்ப கொடுமை என்னன்னா வீட்டுல டேபிள்ல வச்சு இதே கேப் மாட்டி நூறு தடவைக்கு மேல ஆஃப் ஆன் பண்ணிப் பார்த்தேன், நூறு தடவையும் பூட் ஆச்சு. மில்லுல கேப்பைக் கழட்டினா அங்கயும் பூட் ஆகுது. ராத்திரி ஷிஃப்ட்ல கரண்ட் போனா சூப்பர்வைசர் எனக்கு தான் போன் அடிக்கறார், நானும் விடியக்காலம் மூணு மணிக்கு வண்டி எடுத்துட்டுப் போறேன். எங்க தப்புன்னு யாராவது வழி காட்டுங்க.


சர்க்யூட்_மணி:

நண்பா, முதல்ல பவரைப் பாருங்க, எஸ்எம்பிஎஸ் மாத்திட்டேன்னு சொன்னா மட்டும் போதாது, போர்டு ஸ்டார்ட் ஆகற அந்த நொடில ஹெடர்ல எவ்வளவு வோல்ட் நிக்குதுன்னு பார்க்கணும். பி9ல 5, 6வது பின் 5 வோல்ட், 1, 2 கிரவுண்டு, அங்க மீட்டர் ப்ரோபை வச்சுக்கிட்டு ஆன் பண்ணுங்க. பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும். ராஸ்பெரி பை வச்சிருக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், 4.63 வோல்ட்டுக்குக் கீழ போனா அதுவே மின்னல் படம் போட்டு எச்சரிக்கும். அதுலயும் மேல ஹேட்டு (பைக்கு மேல சொருகற போர்டு), யூஎஸ்பில மோடம்னு ஒண்ணொண்ணா மாட்டிக்கிட்டே போய், பழைய போன் சார்ஜர்ல ஓட்டி, பூட் ஆகலன்னு எஸ்டி கார்டை மாத்திக்கிட்டே இருப்பாங்க. கேபிள் மெல்லிசா இருந்தாலே அரை வோல்ட் காணாம போயிடும்.

இன்னொண்ணு, சீரியல் கேபிள் போட்டீங்களா? நீங்க எழுதினதுல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அது இல்லாம பூட் பிரச்சனையைத் தேடறது கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி. பீகிள்போன்ல பி9 ஹெடர் பக்கத்துல ஆறு பின் உள்ள ஜே1னு ஒரு ஹெடர் இருக்கும் பாருங்க, 1வது பின் கிரவுண்டு, 4 ரிசீவ், 5 டிரான்ஸ்மிட். 3.3 வோல்ட் டிடிஎல் கேபிள் தான் போடணும், 5 வோல்ட் கேபிளை மாட்டிடாதீங்க, பழைய ஆர்எஸ்232 கேபிளை நினைச்சுக் கூடப் பார்க்காதீங்க. 115200ல திறந்து வச்சுட்டு, எழுந்திரிக்காத நேரத்துல என்ன வருதுன்னு அப்படியே எழுதுங்க. ஒண்ணுமே வரலன்னாலும் சொல்லுங்க, அதுவும் ஒரு தகவல் தான்.

அந்த சென்சார் 24 வோல்ட்டும் போர்டோட 5 வோல்ட்டும் தனித்தனி சப்ளையா, கிரவுண்டு ஒண்ணா? இதையும் சொல்லுங்க.


பனியன்சிட்டி:

மணி அண்ணா, ரொம்ப நன்றி. கேபிள் கோயம்புத்தூர்ல இருந்து வாங்கிட்டு வர ரெண்டு நாள் ஆயிடுச்சு.

5 வோல்ட் நல்லா இருக்கு. சும்மா இருக்கறப்ப 5.08, ஸ்டார்ட் ஆகறப்ப மீட்டர்ல பார்த்த வரைக்கும் 4.97க்குக் கீழ போகல. எழுந்திரிக்காத நேரத்துலயும் அதே வோல்ட் தான். 24 வோல்ட் தனி சப்ளை, அதோட கிரவுண்டு போர்டு கிரவுண்டோட சேரல, ஆப்டோ வச்சதே அதுக்காக தான்.

சீரியல்ல தான் ஒண்ணு கிடைச்சிருக்கு. நல்லா பூட் ஆகற நேரத்துல யூ-பூட்னு (லினக்ஸை லோடு பண்ற புரோகிராம்) ஆரம்பிச்சு வரிசையா எல்லாம் வருது. எழுந்திரிக்காத நேரத்துல யூ-பூட் வரிகூட வரல. கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு அப்புறம் சி சி சி சின்னு ஒரே எழுத்து மட்டும் வரிசையா வந்துக்கிட்டே இருக்கு. நேத்து ஒரு தடவை அதுவும் இல்லாம ஏதோ கிறுக்கல் மாதிரி புரியாத எழுத்தா வந்துச்சு, கேபிள் லூஸோன்னு மறுபடி சொருகிப் பார்த்தேன், அப்பவும் அதே கிறுக்கல் தான். இது என்னங்கண்ணா?


கவி_லேப்:

தம்பி, அந்த "சி" வந்ததைப் பார்த்ததுமே எழுதணும்னு தோணுச்சு. உங்க இஎம்எம்சி நல்லா இருக்கு, போர்டும் நல்லா இருக்கு, எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லா இருக்கு. அந்த மூணு வாரமும் நீங்க நல்லா இருக்கற சாமானையே மாத்திக்கிட்டு இருந்திருக்கீங்க. பிரச்சனை பி8ல நீங்க எடுத்திருக்கற பின்கள்ல. நான் சென்னைல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் லேப்ல இருக்கேன், பசங்க ப்ராஜெக்ட்ல இந்த போர்டு வந்துக்கிட்டே இருக்கும், இதே விஷயத்துக்காக போர்டை மாத்தினவங்களை நிறைய பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

இந்த போர்டுல இருக்கற ஏஎம்3358 ப்ராசசருக்கு பவர் வந்ததும், எங்க இருந்து பூட் ஆகணும்னு அதுக்கே தெரியாது. அது உள்ள இருக்கற ரோம் கோடு (சிப்புலயே எழுதி வச்சிருக்கற முதல் புரோகிராம்) 16 பின்னோட நிலையைப் படிச்சு தான் முடிவு பண்ணும். சிஸ்பூட் 0ல இருந்து 15 வரைக்கும்னு பேரு. அந்த 16 பின் வேற எதுவும் இல்ல, எல்சிடி டேட்டா லைன் தான், அது பி8 ஹெடர்ல 31ல இருந்து 46 வரைக்கும் வெளிய வருது. போர்டுல ஒவ்வொண்ணுக்கும் 100கே ரெசிஸ்டர் போட்டு சிலதை மேல இழுத்து, சிலதைக் கீழ இழுத்து வச்சிருக்காங்க. 100கேங்கறது ரொம்ப பலவீனமான இழுப்பு, வெளிய இருந்து எது தொட்டாலும் அதோட பேச்சு தான் எடுபடும். நீங்க ஆப்டோவை நேரா கிரவுண்டுக்கு விட்டிருக்கீங்க, அதுக்கு முன்னாடி 100கே நிக்குமா?

இப்ப உங்க கதையை இதோட சேர்த்துப் பாருங்க. கடைசி அஞ்சு பிட் 11100னு இருந்தா ரோம் முதல்ல இஎம்எம்சி, அப்புறம் எஸ்டி கார்டு, அப்புறம் சீரியல், அப்புறம் யூஎஸ்பின்னு தேடும். இது தான் நார்மல். போர்டுல எஸ்2ன்னு ஒரு பூட் பட்டன் இருக்கு இல்லையா, எஸ்டி கார்டுல இருந்து ஃப்ளாஷ் பண்றப்ப அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பவர் போடுவோமே, அந்த பட்டன் செய்யறது ஒரே ஒரு வேலை தான், சிஸ்பூட் 2ஐ கிரவுண்டுக்கு இழுக்கும். உடனே 11000 ஆகிடும், வரிசை மாறிடும், முதல்ல எஸ்பிஐ, அப்புறம் எஸ்டி கார்டு, யூஎஸ்பி, சீரியல். அந்த வரிசைல இஎம்எம்சியே கிடையாது! சிஸ்பூட் 2 வெளிய வர்றது பி8ல 43வது பின். அங்க உங்க சென்சார் ஒண்ணு இருக்கு. அந்த சென்சார் முன்னாடி இரும்பு நிக்கறப்ப ஆப்டோ ஆன், 43 கிரவுண்டு, அதாவது அந்த மெஷின் உங்க பூட் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. எஸ்டி கார்டு இருந்தா பூட் ஆகும், இல்லன்னா கடைசில சீரியலுக்கு வந்து "சி" அனுப்பும். எக்ஸ்மோடம்ல யாராவது ஃபைல் அனுப்புங்கன்னு ரோம் கேட்கற எழுத்து தான் அது.

கரண்ட் போனா மெஷின் எந்த இடத்துல வந்து நிக்கும்னு யாருக்குத் தெரியும்? அந்த போல்ட்டோ பிளேட்டோ சரியா சென்சார் முன்னாடி வந்து நின்னா அன்னிக்கு பூட் ஆகாது, ஒரு சாண் தள்ளி நின்னா ஆகும். அரை மணி கழிச்சு எழுந்திரிச்சதுக்கும் காரணம் அதுவா தான் இருக்கும், யாரோ மெஷினைக் கையால கொஞ்சம் சுத்தியிருப்பாங்க. அது போக உங்க 24 வோல்ட் தனி சப்ளைங்கறதால, அது முன்னாடி வருதா 5 வோல்ட் முன்னாடி வருதாங்கறதும் சேர்ந்துக்கும்.

ரீபூட் ஏன் தப்பலன்னா, இந்த பின்களை ரோம் ஒவ்வொரு தடவையும் புதுசா படிக்கறதில்ல. பவர் முழுசா போய் வந்து பவர்-ஆன் ரீசெட் சிக்னல் மேல ஏறற அந்த ஒரு கணத்துல தான் ஹார்டுவேர் அதைப் பிடிச்சு வச்சுக்கும். ரீபூட் கமாண்டோ ரீசெட் பட்டனோ பழைய மதிப்பையே வச்சு ஓடும். எஸ்2 அமுக்கறவங்களை "பவரைப் பிடுங்கிட்டு அமுக்குங்க, ரீசெட் மட்டும் போதாது"ன்னு சொல்றதும் இதனால தான்.

மேல இழுத்து வச்சிருக்கறதுல பூட்டைக் கெடுக்கக்கூடியது சிஸ்பூட் 2, 3, 4, 14 இந்த நாலும். பின் நம்பர்ல சொன்னா 43, 44, 41, 31. மத்த லைனை உங்க ஆப்டோ கிரவுண்டுக்கு இழுத்தா பூட் வரிசைக்கு ஒண்ணும் ஆகாது.

அந்தக் கிறுக்கலுக்கு வர்றேன். 31வது பின் சிஸ்பூட் 14. 14, 15 ரெண்டும் சேர்ந்து கிரிஸ்டல் எத்தனை மெகாஹெர்ட்ஸ்னு சொல்ற பிட். பீகிள்போன்ல 24 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதுக்கு 14 மேல, 15 கீழ இருக்கணும். உங்க அலாரம் 14ஐக் கீழ இழுத்தா ரோம் 19.2 மெகாஹெர்ட்ஸ்னு நம்பி கணக்கு போடும், ஆனா ஓடறது 24. எல்லா கிளாக்கும் கால் பங்கு வேகமா போயிடும், 115200ல வர வேண்டியது 144000ல வரும், உங்க ஸ்க்ரீன்ல கிறுக்கலா தான் தெரியும். எஸ்டி கார்டு போட்டும் எழுந்திரிக்காத அந்த ரெண்டு நாள் அலாரம் கான்டாக்ட் மூடியிருந்ததான்னு யோசிச்சுப் பாருங்க.

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம், சோதிச்சுப் பாருங்க. வீட்டுல 24 வோல்ட்டும் குடுத்து, 43க்குப் போற சென்சார் முன்னாடி ஒரு இரும்பை வச்சுட்டு பவர் போடுங்க. எழுந்திரிக்கலன்னா எஸ்டி கார்டைச் சொருகி அதே இரும்பு இருக்கறப்பவே பூட் பண்ணுங்க. பூட் ஆனதும் டெவ்மெம்2ங்கற கமாண்டை வச்சு ப்ராசசரோட கண்ட்ரோல் மாட்யூல்ல கண்ட்ரோல் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படிங்க, மாட்யூல் ஆரம்பத்துல இருந்து 40 ஹெக்ஸ் தள்ளி இருக்கும். பவர் வந்தப்ப பிடிச்ச சிஸ்பூட் மதிப்பு அதுல அப்படியே உட்கார்ந்திருக்கும். கடைசி அஞ்சு பிட் என்னன்னு எழுதுங்க.


பனியன்சிட்டி:

கவி அக்கா, கை நடுங்கிட்டே டைப் பண்றேன், கிடைச்சிடுச்சு!

டேபிள்ல சென்சாரை வைஸ்ல பிடிச்சுட்டு முன்னாடி 17 நம்பர் ஸ்பேனரை வச்சேன், சென்சார் பின்னாடி இருக்கற சின்ன லைட் எரிஞ்சுது, பவர் போட்டேன். நீல லைட் ஒண்ணும் வரல. ஸ்பேனரை எடுத்துட்டு பவர் போட்டேன், வந்துடுச்சு. மறுபடி ஸ்பேனர், வரல. பத்து தடவை மாத்தி மாத்தி பண்ணேன், பத்து தடவையும் அதே தான். மூணு வாரமா மில்லுல என்னை அலைய வச்சது வீட்டு டேபிள்ல நான் சொன்னப்ப சொன்னப்ப வருது. நான் இத்தனை நாள் டேபிள்ல பண்ண சோதனை எல்லாமே சென்சாரே மாட்டாம வெறும் கேப்போட பண்ணது, அதனால தான் நூறு தடவையும் பூட் ஆச்சு.

எஸ்டி கார்டு போட்டு ஸ்பேனரோட பூட் பண்ணி ரெஜிஸ்டரைப் படிச்சேன், கடைசி அஞ்சு பிட் 11000. ஸ்பேனர் இல்லாம பண்ணா 11100. நீங்க எழுதின அதே எண். ஸ்பேனரை வச்சுக்கிட்டே ரீபூட் கொடுத்தும் பார்த்தேன், நல்லா பூட் ஆன போர்டு நல்லாவே திரும்ப வருது.

31ல இருக்கறது ஆயில் லெவல் அலாரம். ஃப்ளோட் சுவிட்ச் மூடினா ஆப்டோ ஆன் ஆகும். அந்த ரெண்டு நாளும் ஆயில் குறைஞ்சிருந்துச்சான்னு சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன், ஒரு நாள் ஞாபகம் இருக்காம், இன்னொண்ணு ஞாபகம் இல்லையாம். ஆனா இங்க 31ஐ கிரவுண்டோட சேர்த்து பவர் போட்டா சீரியல்ல அதே கிறுக்கல் வருது, ஸ்பீடை 144000ன்னு மாத்தினா "சி"யா தெரியுது!

இப்ப என் கவலை வேற. இதே கேப் பத்து போர்டு அடிச்சு வச்சிருக்கேன், ரெண்டு ஏற்கனவே மில்லுல மாட்டியாச்சு. பத்தையும் தூக்கிப் போட முடியாது. போர்டை மாத்தாம ஏதாவது வழி இருக்கா?


இஎஸ்பி_தோழன்:

நண்பரே, படிச்சப்ப எனக்கு என் அனுபவம் அப்படியே ஞாபகம் வந்துச்சு. இஎஸ்பி32ல இதே மாதிரி பூட் நேரத்துல படிக்கற பின்கள் இருக்கு, 0, 2, 5, 12, 15. நான் 12ல ஒரு சென்சாரைப் போட்டு அதுக்கு புல்-அப் ரெசிஸ்டரும் வச்சிருந்தேன். அந்தப் பின் ஹையா இருந்தா ஃப்ளாஷ் சிப்புக்கு 1.8 வோல்ட் போதும்னு அது முடிவு பண்ணிடும், 3.3 வோல்ட் ஃப்ளாஷ் எப்படி வேலை செய்யும், ஃப்ளாஷ் ரீட் எரர்னு போட்டு சுத்திச் சுத்தி ரீசெட் ஆகிட்டே இருந்துச்சு. அந்த ஒரு ரெசிஸ்டரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

உங்க கேஸ்ல அந்த நாலு லைனை மட்டும் ஜம்பர் வயர் போட்டு பி8ல 3, 4, 5, 6க்கு மாத்திட்டா என்ன? அது வரிசையா சும்மா தானே இருக்கு.


கவி_லேப்:

தோழர், அது மட்டும் வேண்டாம். பி8ல 3ல இருந்து 6, அப்புறம் 20ல இருந்து 25, இந்தப் பத்தும் போர்டுல இருக்கற இஎம்எம்சிக்குப் போற லைன். பார்க்க சும்மா இருக்கற மாதிரி தெரியும், அதைத் தொட்டா இஎம்எம்சில இருந்து படிக்கறதே தடுமாறும், தம்பிக்கு இப்ப இருக்கறதை விடப் பெரிய தலைவலி. அது போக அதுல அவர் எண்ணறதுக்குப் பயன்படுத்தற பிஆர்யூ1 இன்புட் எல்லாம் அதே மாதிரி கிடைக்காது, கோடையும் மாத்தணும்.


சர்க்யூட்_மணி:

கவி மேடம் சொன்னதை இப்ப தான் முழுசா படிச்சேன், பவர்னு நான் தான் வேற திசைல போயிட்டேன், சிஸ்பூட் எனக்குப் புதுசு, நல்லா விளங்கிச்சு.

தம்பி, பத்து போர்டையும் காப்பாத்த ஒரு யோசனை. எல்லா ஆப்டோவோட எமிட்டரும் ஒரே கிரவுண்டு ட்ராக்ல தானே சேருது? அந்த ட்ராக்கை ஒரே இடத்துல வெட்டிட்டு நடுவுல ஒரு பிசி547 ட்ரான்சிஸ்டர் போடுங்க. கலெக்டர் எமிட்டர்கள் பக்கம், எமிட்டர் கிரவுண்டுக்கு, பேஸை 4.7கே வழியா சும்மா இருக்கற ஒரு ஜிபிஐஓக்கு (நாமளே ஹை, லோ பண்ணிக்கற பின்). பூட் ஆகற வரைக்கும் ட்ரான்சிஸ்டர் ஆஃப், ஆப்டோ ஆன் ஆனாலும் கிரவுண்டு கிடைக்காது, பின்னை இழுக்க முடியாது. லினக்ஸ் வந்ததும் ஸ்க்ரிப்ட்ல அந்த ஜிபிஐஓவை ஹை பண்ணிடுங்க. ஒரு வெட்டு, ஒரு ட்ரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், வேலை முடிஞ்சுது.


கவி_லேப்:

மணி சார், யோசனை ரொம்ப நல்லா இருக்கு, ஆனா எல்லா எமிட்டரையும் ஒண்ணா வெட்டினா ஒரு இடத்துல மாட்டிக்கும். கிரவுண்டு போயிடுச்சுன்னாலும் எமிட்டர்கள் எல்லாம் தங்களுக்குள்ள சேர்ந்தே இருக்கு இல்லையா. 43ல ஆப்டோ ஆன், 45லயும் 46லயும் 39லயும் ஆப்டோ ஆன்னு வச்சுக்குங்க. 43ஐ 100கே மேல இழுக்குது, மத்த மூணையும் 100கே கீழ இழுக்குது. ஃபோட்டோ ட்ரான்சிஸ்டர் தலைகீழாவும் கொஞ்சம் கடத்தும், இங்க ஓடற கரண்டே முப்பது மைக்ரோ ஆம்பியருக்குள்ள, அதுக்கு அந்தக் கொஞ்சமே தாராளம். 43ல இருந்து எமிட்டர் லைனுக்கு இறங்கி அங்க இருந்து மத்த மூணு வழியா கீழ போயிடும், 43 ஹையும் இல்லாம லோவும் இல்லாம நடுவுல தொங்கும். மறுபடி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. இந்தத் தடவை கண்டுபிடிக்க இன்னும் கஷ்டமா இருக்கும்.

அதனால நாலே நாலு ஆப்டோவோட எமிட்டரை மட்டும் பிரிங்க, 31, 41, 43, 44. அந்த நாலையும் தங்களுக்குள்ள சேர்த்து, அதை மணி சார் சொன்ன பிசி547க்குக் கொடுங்க. இந்த நாலுமே மேல இழுத்து வச்ச லைன், ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தாலும் எல்லாம் மேலயே தான் நிக்கும். மத்த ஆப்டோ எல்லாம் பழையபடி கிரவுண்டுலயே இருக்கட்டும்.

பேஸை ஓட்டற பின்னைப் பார்த்து எடுங்க, ஏன்னா சில பின் ரீசெட் நேரத்துல உள்ள புல்-அப்போட வரும், அது ட்ரான்சிஸ்டரைப் பாதி ஆன் பண்ணிடும். பி8ல 14வது பின் புல்-டவுனோட வரும், அது உங்களுக்கு சும்மா தான் இருக்கு. இருந்தாலும் பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு 10கே போட்டுடுங்க, பவர் போடற நேரத்துல அந்தப் பின் நிஜமாவே கீழ இருக்கான்னு ஸ்கோப் இருந்தா ஸ்கோப், இல்லன்னா மீட்டர் வச்சு ஒரு தடவை பார்த்துக்குங்க.

அடுத்த ரிவிஷன் அடிக்கறப்ப இந்த ஒட்டு வேலை வேண்டாம். நடுவுல 74எல்விசி126 மாதிரி ஒரு பஃபர் (எனேபிள் ஆனா மட்டும் சிக்னலை விடற சிப்) போடுங்க, 3.3 வோல்ட்டை பி9ல 3, 4ல இருந்து எடுங்க, எனேபிள் பின்னை பி9ல 10வது பின்ல வர்ற சிஸ்டம் ரீசெட்டோட கட்டுங்க. அந்த ரீசெட் மேல ஏறற வரைக்கும் பஃபர் வாயைத் திறக்காது. 126 தான் எனேபிள் ஹையா இருந்தா திறக்கற சிப், 125 வாங்கிடாதீங்க, அது நேர் எதிர். இதுல இன்னொரு நல்லது, போர்டு ஆஃப்ல இருக்கறப்ப வெளிய இருந்து எந்தப் பின்னுக்கும் வோல்ட் வரவே கூடாது, வந்தா ப்ராசசரே போயிடும்னு இந்த போர்டோட மேனுவல்லயே எழுதியிருக்காங்க. உங்களுக்கு ஆப்டோ இருந்ததால அந்த ஆபத்து வரல, நாளைக்கு ஆர்எஸ்485 மாட்யூல் ஏதாவது தனி சப்ளைல சேர்த்தா வரும்.


பனியன்சிட்டி:

எழுதி பன்னிரண்டு நாள் ஆச்சு, வேலையை முடிச்சுட்டு எழுதலாம்னு இருந்தேன்.

ஒரு போர்டுல அக்கா சொன்ன மாதிரியே நாலு ட்ராக்கை பிளேடால வெட்டி, மெல்லிசு எனாமல் வயர்ல நாலு எமிட்டரையும் சேர்த்து, பிசி547ஐ கேப்போட ஓரத்துல படுக்க வச்சு சால்டர் பண்ணி மேல ஹாட் க்ளூ விட்டேன். 14வது பின் பவர் போடறப்ப கீழ தான் இருக்கு, பார்த்துட்டேன். அப்புறம் மூணு சென்சார் முன்னாடியும் இரும்பை டேப் போட்டு ஒட்டி, ஆயில் அலாரத்தையும் ஷார்ட் பண்ணி வச்சுட்டு நாற்பது தடவை பவரைப் போட்டு எடுத்தேன். நாற்பது தடவையும் இஎம்எம்சில இருந்து பூட் ஆச்சு. மணி அண்ணா சொன்ன முதல் முறையையும் இன்னொரு போர்டுல ஆசைக்குச் செஞ்சு பார்த்தேன், எல்லா சென்சாருக்கும் இரும்பு வச்சா அஞ்சு தடவைல ஒண்ணு ரெண்டு தடவை மாட்டிக்குச்சு, அக்கா சொன்னது நிஜம் தான்.

மில்லுல ரெண்டு பாக்ஸும் மாத்தி ஒன்பது நாள் ஆச்சு. நடுவுல ஆறு தடவை கரண்ட் போய் வந்திருக்கு, எனக்கு ஒரு போன் கூட வரல.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். கரண்ட் வந்து பூட் ஆனதும் சில சமயம் மூணாவது, நாலாவது, அஞ்சாவது மெஷின் கவுண்ட் மட்டும் ஒண்ணு கூடுதலா ஏறுது, மெஷின் சுத்தவே ஆரம்பிச்சிருக்காது. மத்த ஒன்பது மெஷின்ல அப்படி இல்ல.


கவி_லேப்:

அந்த மூணும் தானே 41, 43, 44? பிஆர்யூவை முதல்ல ஓட விட்டுட்டு அப்புறம் ட்ரான்சிஸ்டரை ஆன் பண்றீங்கன்னு நினைக்கறேன். ஆன் பண்ற நொடில, சென்சார் முன்னாடி இரும்பு நிக்கற லைன் எல்லாம் மேல இருந்து கீழ விழும், பிஆர்யூ அதை ஒரு பல்ஸ்னு எண்ணிடும். சர்வீஸ் ஃபைல்ல வரிசையை மாத்துங்க, முதல்ல 14ஐ ஹை பண்ணி, நூறு மில்லி செகண்டு விட்டு, அப்புறம் பிஆர்யூவை லோடு பண்ணுங்க.


பனியன்சிட்டி:

ஆமாக்கா, பிஆர்யூ தான் முதல்ல ஓடிட்டு இருந்துச்சு. வரிசையை மாத்தி ஸ்பேனரை வச்சு இருபது தடவை போட்டுப் பார்த்தேன், மூணு கவுண்டரும் பூஜ்யத்துலயே நிக்குது. மீதி எட்டு போர்டையும் இந்த ஞாயித்துக்கிழமை வெட்டப் போறேன், பஃபர் போட்ட புது ஸ்கீமாட்டிக்கையும் வரைஞ்சு இங்க போடறேன், அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துக் கொடுங்க.


கவி_லேப்:

போடுங்க தம்பி, பார்த்துடலாம். 27ல இருந்து 30 வரைக்கும் சிஸ்பூட் இல்ல, அந்த நாலுக்கு பஃபர் தேவைப்படாது, சிப் ஒண்ணு மிச்சம்.